எங்கள் முகவரியில் ஒரு குளம்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் அமர்வில், வவுனியாவில் வாழும் பழைய மாணவியர் ஐவர் சேர்ந்து தயாரித்து வழங்கிய உரையின் எழுத்து வடிவம்)



'நம் பிரதேசத்தின் வரலாறும் மரபுரிமையும்' என்ற தலைப்பில் அரைமணி நேரம் பேச வேண்டும் என்று சங்கம் எங்களைக் கேட்டது. எங்களில் எவரும் வரலாற்று அறிஞர் இல்லை. ஐவரில் இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒருவர் தாதி, ஒருவர் வங்கியில் வேலை செய்தவர், ஒருவர் வீட்டையும் வயலையும் பார்த்தவர். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் முதல் இரண்டு கூட்டங்களையும் தேநீரும் பழைய கதையுமாகக் கழித்தோம். மூன்றாவது கூட்டத்தில்தான், வகுப்பில் ஆசிரியை இடாப்புக் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது.

உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரே வகுப்பில் மூன்று ஜெயந்தி இருப்பார்கள், நான்கு சாந்தி இருப்பார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சிலவேளை ஒன்றாகவே இருந்துவிடும். அப்போது ரீச்சர் என்ன செய்வார்? 'கோயில்குளம் ஜெயந்தி', 'நெளுக்குளம் ஜெயந்தி', 'தாண்டிக்குளம் ஜெயந்தி' என்று கூப்பிடுவார். நாங்கள் எல்லோரும் ஒரு குளத்தின் பெயரோடுதான் இந்தப் பாடசாலையில் வளர்ந்தோம். இன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இரண்டு பழைய மாணவிகள் சந்தித்தால் முதற்கேள்வி, 'நீங்கள் எந்தக் குளம்?' என்பதுதானே? ஆகவே எங்கள் பேச்சைக் குளங்களிலிருந்தே தொடங்குகிறோம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். வவுனியா மாவட்டத்தில் நகருக்கு ஒரு சபை இருக்கிறது. நீண்ட காலம் நகரசபையாக இருந்தது இப்போது மாநகரசபை. நகரைச் சுற்றிய கிராமங்களுக்குப் பிரதேச சபைகள் உண்டு. அவற்றுள் வவுனியா தெற்குத் தமிழ்ப் பிரதேச சபை நகரை அணைத்துக்கொண்டு கிடக்கிறது. நெளுக்குளம், கூமாங்குளம், ஆசிகுளம், சமளங்குளம், ஈச்சங்குளம், நொச்சிமோட்டை, ஓமந்தை என்று அதன் ஊர்களைச் சொல்லிக்கொண்டு போகலாம். நகருக்குள்ளும் கதை வேறில்லை. வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், தாண்டிக்குளம், வேப்பங்குளம். வவுனியாவின் பழைய பெயரே வவுனியா விளாங்குளம் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

இந்தப் பெயர்களைச் சற்று நிறுத்தி வாசித்துப் பார்த்தோம். புளி, வேம்பு, விளா, ஈச்சு, மருது, நொச்சி, பூவரசு, கள்ளி. குளத்தைக் கட்டியவர்கள் கரையில் நின்ற மரத்தை வைத்தே அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். நீர்நிலைக்கும் ஒரே சொல் இல்லை. கட்டுக் கட்டி மறித்தது குளம். ஆழமாகக் கிடக்கும் நீர்ப்பள்ளம் மடு. சிறிதாகத் தேங்குவது மோட்டை. வெட்டி எடுத்தது கேணி. நீராவி என்றும் ஒரு சொல் உண்டு, கொதிக்கும் நீரின் ஆவி அல்ல, நீர் நிற்கும் வாவி. கட்டு உடைந்து பாழான குளத்தை முறிப்பு என்றார்கள். மூன்றுமுறிப்பு என்ற ஊர்ப்பெயரை நாங்கள் சிறுவயதில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறோம். ஒரு குளக்கட்டு உடைவது ஓர் ஊரின் வாழ்வே உடைவதாகும். அந்தப் பெயரில் இருப்பது யாரோ பட்ட துயரம் என்பது இப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

வடக்கே ஏ9 பாதையில் போனால் புளியங்குளத்துப் பக்கம் பனிக்கநீராவி என்றோர் ஊர் வரும். பணிக்கர் என்போர் யானை பிடிப்பவர்கள். வன்னியின் யானைகள் அந்தக் காலத்தில் அரசர்க்குத் திறையாகவும் வணிகப் பொருளாகவும் போனவை. அந்தப் பணிக்கர் மரபில்தான் வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தையின் கதை வழங்குகிறது. ஆண்கள் தயங்கி நின்ற இடத்தில் மதயானையைக் கட்டிக் கொண்டுவந்தவள் என்று வன்னி மக்கள் அவளை ஒப்பாரியிலும் கூத்திலும் பாடினார்கள். பெண்கள் பாடசாலை ஒன்றின் நூற்றாண்டு விழாவில் அவள் பெயரைச் சொல்லாமல் போக எங்களுக்கு மனம் வரவில்லை.

குளம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கிருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். பெரியவர்கள் பொறுத்தருள்க. நமக்கு மழை வருடம் முழுவதும் இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மாரி மழைதான் பெரும்பகுதி. அந்த நீரைப் பிடித்து வைத்தால்தான் காலபோகத்தை ஒப்பேற்றலாம், மிஞ்சினால் சிறுபோகம் செய்யலாம். சரிவின் குறுக்கே மண்ணால் எழுப்புவது குளக்கட்டு. வயலுக்கு நீர் விடும் வாசல் துருசு. குளம் நிறைந்தபின் கூடுதல் நீர் வழிந்தோடும் இடம் வான். கட்டுக்கு எதிர்ப்பக்கம், நீர் ஏறியிறங்கும் சரிவான நிலம் அலைகரை. கோடையில் அலைகரை காய்ந்து புல் முளைத்து மாடு மேயும். மாரியில் அதே நிலம் குளமாகிவிடும். அலைகரை என்ற சொல்லை நினைவில் வைத்திருங்கள். இந்தப் பேச்சில் அது மறுபடியும் வரும்.

ஒரு குளம் தனியாக நிற்பதில்லை. மேற்குளம் வான் பாய்ந்தால் அந்த நீர் கீழ்க்குளத்துக்கு வரும். மேலூரின் வயலில் வடிந்த நீரும் அங்கேதான் சேரும். இப்படி ஒரே பள்ளத்தாக்கில் குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன. நம் சிங்கள அயலவர் குளத்தை 'வெவ' என்றும், இந்தத் தொடரை 'எல்லங்காவ' என்றும் சொல்வார்கள். சொல்தான் வேறு. கட்டும் துருசும் வானும் ஒன்றே. இலங்கையின் உலர்வலயத்துத் தொடர்குள முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவமுடைய விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாம் பாடசாலைக்கு வரும் வழியில் சைக்கிளை நிறுத்திப் புளியங்காய் பறித்த அந்தக் கட்டுகள் அவ்வளவு பெரிய விஷயம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். வன்னி என்றதும் நம் எல்லோர் வாயிலும் வருவது பண்டாரவன்னியன். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியவன். அதே வருடம் ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றான் என்று அங்கு நாட்டிய கல் சொல்கிறது. முல்லைமணி அவர்கள் எழுதிய பண்டாரவன்னியன் நாடகம் வன்னியின் மேடைகளில் அவனை மறக்காமல் வைத்திருந்தது. கச்சேரிக்கு முன்னால் அவன் சிலை நிற்கிறது. பாடசாலைக் காலத்தில் அதன் அருகால் நாங்கள் போகாத நாளில்லை.

அவனுக்குச் சிலையும் கல்லும் இருக்க வேண்டியதுதான். ஆனால் அவன் ஆண்ட நாட்டில் நெல் விளைந்தது குளங்களால். அந்தக் குளங்களைக் கட்டியவர்களுக்கும், வருடாவருடம் மண் சுமந்து கட்டை உயர்த்தியவர்களுக்கும், துருசடியில் காவல் கிடந்தவர்களுக்கும் எங்கும் கல் நாட்டப்படவில்லை. குளத்தடியில் இருக்கும் பிள்ளையாரும் ஐயனாரும் வைரவரும்தான் அவர்களுக்கு மிஞ்சிய சாட்சி. புது நெல் வந்ததும் அங்கே பொங்கிவிட்டுத்தான் வீட்டுக்கு அரிசி எடுத்தார்கள்.

ஆங்கிலேய ஆட்சியில் இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜே. பி. லூயிஸ் என்பவர் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கையேடு வெளியிட்டார். ஊர்ப்பெயர்களைப் பற்றியும் தனியாக எழுதினார். ஆட்சியாளரின் கண்ணால் எழுதிய நூல்தான். ஆனாலும் எங்கள் அப்பம்மாமாரின் அப்பம்மாமார் வாழ்ந்த ஊர்களை அதில் காணலாம். உடைந்த குளங்கள், கைவிடப்பட்ட ஊர்கள், காய்ச்சல் என்று அந்தக் காலத்து வன்னி மெலிந்துபோய்க் கிடந்தது. மலேரியாவுக்குப் பயந்து யாழ்ப்பாணத்தார் வன்னிக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்கள் என்று எங்கள் வீடுகளில் கதை சொல்வார்கள். அரசாங்க உத்தியோகத்தருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தால் அது தண்டனை என்றே எண்ணினார்களாம்.

1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறக்கப்பட்டது. நம் ஊருக்குப் புகையிரத நிலையம் வந்தது. நிலையத்தைச் சுற்றிக் கடைகள் வந்தன. ஆக, நம் பாடசாலை தொடங்கியபோது இந்த ஊர் காட்டுக்கும் குளங்களுக்கும் நடுவே இருந்த சிறு கடைத்தெரு. இரண்டாம் உலகப் போரின் பின் 1946இலிருந்து டி.டி.ரி. மருந்து தெளித்து மலேரியாவை அடக்கிய பிறகுதான் துணிந்து மக்கள் வந்தார்கள். உடைந்த குளங்களைத் திருத்தினார்கள். பாவற்குளம் போன்ற பெரிய குளங்களின் கீழ்க் குடியேற்றங்கள் எழுந்தன. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தபோது, எங்களில் தாதியாக இருந்தவர் தன் அம்மம்மாவை நினைத்து அழுததாகச் சொன்னார். காய்ச்சலுக்கு மூன்று பிள்ளைகளைக் கொடுத்த மனுசி அவர்.

அதற்குப் பிறகு வந்தவர்களின் கதை நம் வகுப்பறைகளின் கதை. 1977இலும் 1983இலும் நடந்த கலவரங்களின் பின் மலையகத்திலிருந்து குடும்பங்கள் வந்தன. கொழுந்து பறித்த கைகள் இங்கே காடு வெட்டிக் கச்சான் போட்டன. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பிள்ளைகள் பலர் பிறகு நம் மாவட்டத்தில் படித்தார்கள். அதே வருடம் புகையிரதமும் வவுனியாவோடு நின்றது. 1995இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. பூந்தோட்டமும் சிதம்பரபுரமும் முகாம்களின் பெயராக நாட்டுக்கு அறிமுகமாயின. பாஸ் இல்லாமல் ஊருக்குள் நடமாட முடியாத காலம் அது. 2002இல் ஏ9 பாதை திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. ஓமந்தை என்றால் எங்கள் பாட்டன்மாருக்கு வயல். எங்கள் தலைமுறைக்குச் சோதனைச்சாவடி.

2009இல் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் வன்னியிலிருந்து வந்து முகாம்களில் அடைபட்டார்கள். செட்டிகுளத்துப் பக்கம் மெனிக் பாம் எழுந்தது. அதன் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெரியவர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அந்தக் காட்டு நிலத்துக்கும் அதன் நீரோடைகளுக்கும் முன்பே பெயர்கள் இருந்திருக்கும். கூடாரத்துக்குள் இருந்தவர்களுக்கு அதைச் சொல்ல யார் இருந்தார்கள்? 2012இல் அந்த முகாம் மூடப்பட்டது. 2014இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் போனது. 2021இல் பம்பைமடு வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இப்படியாக, குளத்துக்கொரு சிற்றூராக இருந்த இடம் ஒரு நூற்றாண்டுக்குள் எல்லோருக்கும் ஒதுங்க இடம் கொடுத்த ஊராகிவிட்டது.

இவ்வளவும் எங்களுக்கு ஓரளவு தெரிந்தவைதான். தெரியாத ஒன்றை இந்த உரைக்காக அலைந்தபோது கண்டோம். அதைச் சொல்லத்தான் உண்மையில் இன்று வந்திருக்கிறோம்.

எங்களில் ஒருவர் தம் தாயாரின் சீதனக் காணி உறுதியைக் கொண்டுவந்தார். பிறப்பத்தாட்சிப் பத்திரங்களோடு பொலித்தீன் பையில் சுற்றி, நான்கு இடப்பெயர்வுகளில் மார்போடு அணைத்துக் காப்பாற்றிய உறுதி. அதன் எல்லை விவரத்தில் 'கிழக்கு: குளத்து அலைகரை' என்றிருந்தது. ஐவரும் போய்ப் பார்த்தோம். கிழக்கே குளம் இல்லை. மதில்கள், ஒரு கடை, பதினைந்து இருபது வீடுகள், ஓர் ஒழுங்கை. ஒழுங்கைக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அதில் குளத்தின் பெயர் இல்லை. அந்தக் குளத்தின் பெயரை நாங்கள் இங்கே சொல்லப் போவதில்லை. ஏன் என்பது உங்களுக்கு இப்போது விளங்கும்.

அங்கே எண்பது தாண்டிய ஓர் ஆச்சி திண்ணையில் இருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னோம். 'பிள்ளையள், இந்த வளவு முழுக்கத் தண்ணி நிண்ட இடம். மாரிக்கு வான் பாஞ்சா எங்கட படலையடிக்கு விரால் வரும். நாங்கள் சீலையால மறிச்சுப் பிடிச்சிருக்கிறம்' என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

எதிர்வீட்டு அம்மா படலைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. 95இல் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு சூட்கேசோடும் வந்தவர். பயந்த முகத்தோடு, 'எங்களுக்குக் குளம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. காட்டின இடத்தில கொட்டில் போட்டம். இப்ப எழும்பச் சொல்லப் போறியளோ?' என்று கேட்டார்.

எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. திரும்பி வரும்போது ஒருவரும் கதைக்கவில்லை. நாங்கள் மரபுரிமை தேடிப் போனவர்கள். அந்த அம்மாவின் கண்ணுக்கு வீட்டைப் பிடுங்க வந்தவர்களாகத் தெரிந்திருக்கிறோம். போதாததற்கு, எங்கள் ஐவரில் ஒருவருடைய சொந்த வீடும் ஒரு குளத்தின் அலைகரைக்குள்தான் இருக்கிறது என்பதை அன்றிரவு அவரே சொன்னார். 92இல் வாங்கியபோது விற்றவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த அம்மா சொன்ன ஒரு சொல்தான் எங்களை உறங்கவிடவில்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. உண்மைதானே? வந்தவர்களுக்கு இது குளம் என்று தெரியாது. தெரிந்த நாங்கள் வாய் திறக்கவில்லை. அன்று அவர்களுக்குத் தலைக்குமேல் ஒரு கூரை வேண்டியிருந்தது. குண்டுக்கும் மழைக்கும் தப்பி வந்தவரிடம் அலைகரையைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்? ஆனால் போர் முடிந்த பின்னும் நாங்கள் பேசவில்லை. மண் லொறிகள் வந்து அலைகரைகளில் கொட்டியபோதும் பேசவில்லை. அந்த மண்ணைக் கொட்டியவர்கள் எல்லோரும் வீடற்றவர்களும் அல்லர்.

இது பழம்பெருமை பற்றிய கவலை மட்டும் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லில் தேங்கும் நீரை எடுப்பவை. நம் நிலம் அப்படியல்ல. அடியில் கடும்பாறை. அதன்மேல் உக்கிய பாறையும் மண்ணுமாய் ஒரு மெல்லிய படை. அந்தப் படையில் ஊறி நிற்பதுதான் நம் கிணற்று நீர். குளத்தில் நீர் நின்றால் சுற்றுவட்டக் கிணறுகளில் ஊற்று நிற்கும். குளம் வற்றினால் கிணறும் கீழே போகும். ஆகவே வயல் இல்லாத வீட்டுக்கும் குளம் வேண்டும். கோடையில் பவுசர் வரும் திசையைப் பார்த்து வாளியோடு நிற்பவர்களில் பலர், ஒரு காலத்தில் குளம் இருந்த நிலத்தின் மேலேயே நிற்கிறார்கள்.

மாரியில் கதை நேரெதிர். மேற்குளம் வான் பாயும்போது நீர் தன் பழைய வழியைத்தான் தேடும். வழியில் மதில் இருந்தால் மதிலைச் சுற்றும், வீடு இருந்தால் வீட்டுக்குள் வரும். வெள்ளம் வந்துவிட்டது என்று நாம் சொல்கிறோம். ஆச்சியின் படலைக்கு விரால் வந்த அதே வழியால்தான் இன்றைக்கு வெள்ளம் வருகிறது. ஆக, குளத்தைச் சொல்லாமல் மறைத்ததில் முதலில் பாதிக்கப்படுபவரும் அந்த எதிர்வீட்டு அம்மாதான்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குளத்தை நிரப்புவதையும் அதன் ஒதுக்கு நிலத்தைப் பிடிப்பதையும் தடுக்கிறது. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். ஒழுங்கையும் வடிகாலும் சபையிடம். காணி அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்திடம். கட்டைக் காப்பது கமக்கார அமைப்பு. ஆனால் குளத்தின் கீழிருந்த வயல் வீட்டு மனையாகிவிட்டால் கமக்காரர் எங்கே இருப்பார்? கமக்காரர் போனபின் அந்தக் குளத்துக்காகப் பேச ஆளில்லை. நகர்ப்புறக் குளங்கள் அழிவது இப்படித்தான்.

ஆளில்லாத அந்த இடத்தில் நாம் நிற்கலாமே என்பதுதான் எங்கள் விண்ணப்பம். எவரையும் எழுப்பச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. முப்பது வருடம் வாழ்ந்த வீட்டிலிருந்து ஒரு தாயை எழுப்புவதை மரபுரிமை என்று சொல்ல எங்களால் முடியாது. இருக்கிற குளம் இனிக் குறையாமல் பார்க்கலாம். வான் வாய்க்காலைத் திறந்துவிடலாம். முக்கியமாக, சொல்லாமல் விட்டதைச் சொல்லலாம். அதற்கு நான்கு காரியங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, உங்கள் குளத்தின் பெயரை எழுதி அனுப்புங்கள். பெரிய குளங்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே இருந்த சிறுகுளம், அருகே இருந்த மோட்டை, குளிக்கப் போன துறை, கட்டில் நின்ற மரம், அங்கிருந்த சாமி. உங்கள் அம்மா என்ன பெயர் சொன்னாரோ அந்தப் பெயரை அப்படியே எழுதுங்கள். உச்சரிப்பைத் திருத்த வேண்டாம். தாயாரோ பேத்தியாரோ உயிரோடு இருந்தால் இந்த வாரமே கைப்பேசியில் பேசவைத்துப் பதிந்துவிடுங்கள். அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். நாங்கள் சந்தித்த ஆச்சி இந்த உரை எழுதி முடிப்பதற்குள் காலமாகிவிட்டார்.

இரண்டாவது, வீட்டில் பழைய உறுதி இருந்தால் அதன் எல்லை விவரத்தை மட்டும் படியெடுத்து அனுப்புங்கள். பெயரும் விலையும் எங்களுக்கு வேண்டாம். நான்கு திசை எல்லை போதும். எந்தத் திசையில் குளமும் வாய்க்காலும் இருந்தன என்பது நூறு உறுதிகளைச் சேர்த்தால் ஒரு வரைபடமாகிவிடும். கடல் கடந்து போனவர்களிடம்தான் பல உறுதிகள் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். காணி விற்றுப்போயிருந்தாலும் அந்தத் தாள் ஊரின் சொத்து. நிழற்படம் இருந்தால் அதுவும். திருமண அல்பத்தில் மணமக்களுக்குப் பின்னால் ஒரு குளக்கட்டு நிற்கலாம்.

மூன்றாவது, மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். எல்லைக்கல் நாட்ட வேண்டியது திணைக்களத்தின் வேலை. அதைச் செய்யுமாறு சபையையும் கமநல சேவை நிலையத்தையும் சங்கத்தின் பெயரால் எழுத்தில் கேட்போம். பலகைக்கான செலவை ஒவ்வோர் ஆண்டுத் தொகுதியும் ஒவ்வொரு குளமாகப் பொறுப்பேற்கலாம். எங்கள் தொகுதி ஒன்றை எடுத்துவிட்டது. 'உங்கள் வீடு எந்தக் குளத்தின் கீழ்?' என்பதற்கு அங்கே புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பதில் தெரிய வேண்டும்.

நான்காவது இந்தப் பின்வரிசைப் பிள்ளைகளுக்கு. வருடத்தில் ஒருநாள், மாரி தொடங்குமுன், ஒரு குளத்தை மேலிருந்து கீழ்வரை நடந்து பாருங்கள். நீரேந்து பகுதியில் தொடங்கி, அலைகரை, கட்டு, துருசு, வான், வாய்க்கால், அடுத்த குளம். வழியில் இருப்பவர்களிடம் கதை கேளுங்கள். தமிழரிடமும், முஸ்லிம் மக்களிடமும், சிங்கள அயலவரிடமும், மலையகத்திலிருந்து வந்தவரிடமும் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே நீர்தான் வந்துகொண்டிருக்கிறது. நடந்ததை எழுதிப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். அடுத்த நூற்றாண்டு மலரைத் தயாரிப்பவர்களுக்கு அது வேண்டும்.

முடிக்கும் முன் ஒரு செய்தி. அந்த எதிர்வீட்டு அம்மாவை மறுபடி போய்ப் பார்த்தோம். எழும்பச் சொல்ல வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு, உறுதியைக் காட்டினோம். ஆச்சி சொன்ன கதையைச் சொன்னோம். குளத்தின் பெயரைச் சொன்னோம். அவர் அந்தப் பெயரை இரண்டு தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, 'அப்ப என்ர பேத்திக்கும் சொல்ல வேணும். அவள் உங்கட பள்ளிக்கூடத்திலதான் படிக்கிறாள்' என்றார்.

அந்தப் பேத்தி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். நாளை ஆசிரியை இடாப்புக் கூப்பிடும்போது அவளுடைய பெயருக்கு முன்னால் ஒரு குளம் வரட்டும்.